பின்சக்கரத்துக் காற்று

“டீச்சர், எனக்குப் பயம் விட்டுப்போச்சு!”

அலுவலக வாசலில் சைக்கிளை விட்டு இறங்கும் முன்பே தமயந்தி சொல்லிவிட்டாள். முகமெல்லாம் வியர்வை, கண்ணெல்லாம் சிரிப்பு.

டீச்சர் என்பது கேலிப் பெயர். பியூலா அவளுக்குப் பக்கத்து மேசை, அடுத்த தெரு, வயதிலும் சின்னவள். ஆனால் நாற்பது தாண்டிய தமயந்திக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்து, சென்னைச் சாலையில் இறக்கிவிட்டவள் அவள்தான்.

“என்னக்கா ஆச்சு?”

“மேம்பாலத்துக்குக் கீழ இந்தப் பக்கம் தண்ணி லாரி, அந்தப் பக்கம் பஸ். முந்தியெல்லாம் இறங்கி ஓரமா நின்னுடுவேன். இன்னிக்கு நடுவுல புகுந்து வந்துட்டேன். பறக்கிற மாதிரி இருந்துச்சுடி!”

பியூலா சிரிக்கவில்லை.

“கை நடுங்கலையா?”

“துளிகூட இல்ல. நீதான் இத்தனை வருஷம் ஓட்டியும், கிளம்பும்போது நடுங்குற கையை உதறி உதறிப் பாத்துக்கிற. சிஷ்யை முந்திட்டா, ஒத்துக்கோ.”

பியூலா உள்ளே போனாள்.

சாயங்காலம் தமயந்தி வெளியே வந்தபோது, அவளுடைய சைக்கிளின் பின்சக்கரத்தருகே பியூலா குந்தியிருந்தாள். கையில் கழற்றிய வால்டியூப். டயரிலிருந்து கடைசிக் காற்றும் புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது.

“ஏய்! ஸ்கூல் பசங்க மாதிரி காத்தைப் புடுங்கி விடுறியா?”

“இன்னிக்குத் தள்ளிக்கிட்டுப் போங்கக்கா.”

“வீட்டுல பொண்ணு தனியா இருப்பா. உனக்குப் பொறாமை, வேற ஒண்ணும் இல்ல.”

“இருக்கட்டும். தள்ளிக்கிட்டுப் போங்க.”

வால்டியூபைப் பையில் போட்டுக்கொண்டு, தன் சைக்கிளில் ஏறிப் பியூலா போயேவிட்டாள்.

தமயந்தி திட்டிக்கொண்டே தள்ளினாள். மேம்பாலத்துக்குக் கீழே வந்தபோது சிவப்பு விழுந்தது. ஒரு தண்ணி லாரி அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதற்கு அப்பால் ஒரு பஸ்.

நடுவே அதே சந்து.

சைக்கிளின் கைப்பிடியைப் பார்த்தாள். சந்தைப் பார்த்தாள். மறுபடி கைப்பிடியைப் பார்த்தாள்.

இதிலா வந்தேன்?

லாரியின் பின்சக்கரம் அவள் மார்பு உயரம் இருந்தது. டயரின் பள்ளத்தில் ஏதோ துணி சிக்கியிருந்தது. வெறும் சாக்குத்துணி. சாக்குத்துணிதானா என்று குனிந்து இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.

லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகத்தைத் தேடினாள். பாலத்தின் தூண் தெரிந்தது. கொஞ்சம் வானம் தெரிந்தது. முகம் தெரியவில்லை.

அப்படியென்றால் அவனுக்கும்...

“நான் இங்க நிக்கிறேன்!” என்று கத்தினாள்.

பச்சை விழுந்தது. லாரி உறுமிக்கொண்டு இடது பக்கம் ஒடித்துத் திரும்பியது. முன்சக்கரம் விலகித்தான் போனது. பின்சக்கரம் அவளை நோக்கி வந்தது. அதன் காற்று துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. சைக்கிளோடு பின்னால் சாய்ந்து, தூணில் முதுகு மோதி நின்றாள். லாரியிலிருந்து தளும்பிய தண்ணீர் கையில் சொட்டியது. சில்லென்றிருந்தது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் மகள் கதவைத் திறந்தாள்.

“ஏம்மா இவ்ளோ லேட்டு?”

தமயந்தி சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். மகளைக் கட்டிக்கொண்டாள். வெகுநேரம் விடவேயில்லை.

மறுநாள் காலையில், காற்றில்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பியூலா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“இந்தா, நீயே வச்சுக்கோ. இனிமே நான் பஸ்ல போயிக்கிறேன்.”

“கையைக் காட்டுங்கக்கா.”

நீட்டினாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

பியூலா அந்த விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து வால்டியூபைப் பொருத்தினாள். உள்ளே போய்ப் பம்பை எடுத்துவந்து, நடுங்கும் அந்தக் கையிலேயே கொடுத்தாள்.

“அடிங்க.”