கொழுக்கட்டை முயலின் முக்கால் ஆட்டம்

குளக்கரையில் கொழுக்கட்டை என்றொரு முயல் இருந்தது. பேருக்கேற்ற தொந்தி!

ஒரு நாள் யாரோ ஒரு பழைய கம்பிக்கூண்டைக் கரையில் வீசிவிட்டுப் போனார்கள். "ஆகா, மாளிகை!" என்று கொழுக்கட்டை குடியேறிவிட்டது. நாள் முழுக்கக் கம்பித் தரையில் உட்கார்ந்து தின்றது. கம்பி அழுத்தி அழுத்திப் பின்னங்காலில் முடி கொட்டியது. தோல் சிவந்தது. புண்ணாகிவிட்டது!

வெளியே சொன்னால் மாளிகையின் மானம் என்னாவது? கொழுக்கட்டை அந்தக் காலைத் தூக்கிக்கொண்டே தத்தித் தத்தி நடந்தது.

"என்ன குருவே, காலைத் தூக்கிட்டீங்க?" என்று கேட்டது மந்தி மாரப்பன்.

"இதுவா? புது ஆட்டம்டா! மூணு கால்ல ஆடினா முக்கால் ஆட்டம்!"

அவ்வளவுதான்! மந்தி ஆடியது, எலிகள் ஆடின, தவளைகள்கூட ஒரு காலைத் தூக்கி ஆடித் தொப்பென்று குளத்தில் விழுந்தன. ஒரே கும்மாளம்!

காட்டுக்கோழி பொன்னாயி மட்டும் ஆடவில்லை. "எனக்கு இருக்கறதே ரெண்டு காலு. நான் ஆடினா அரை ஆட்டம்தான்! அது சரி, நீ ஏன்டா எப்பவும் அதே காலைத் தூக்கறே? வலிக்குதா?"

"சீச்சீ! கலை தெரியாத கோழி!" என்றது கொழுக்கட்டை. பாவம், வலியில் கண்ணில் நீர் முட்டியது.

அப்போது புதரிலிருந்து நரி பாய்ந்தது!

எல்லோரும் தூக்கிய காலைக் கீழே போட்டு ஓட்டமெடுத்தார்கள். கொழுக்கட்டையும் காலை ஊன்றியது. "ஆ!" என்று மல்லாந்து விழுந்தது.

"அடடா, என்ன நடிப்பு!" என்று மரத்திலிருந்து கைதட்டியது மந்தி.

"நடிப்பு இல்லடா மடையா! புண்ணு! வலிக்குது, ஓட முடியல, காப்பாத்துங்க!"

மல்லாந்த காலின் சிவந்த புண்ணைப் பொன்னாயி பார்த்துவிட்டது. படபடவென்று பறந்து நரியின் மூஞ்சியைப் பிறாண்டியது. மந்தி குதித்து வந்து கொழுக்கட்டையை அணைத்துக்கொண்டு மரமேறியது. நரிக்கு மூக்கில் கீறல்தான் மிச்சம்!

பொன்னாயி திட்டிக்கொண்டே புண்ணைச் சுத்தமான தண்ணீரில் கழுவியது. ஈரம் போகத் துடைத்தது. காய்ந்த மெத்துப்புல்லைப் பரப்பி, "இனி இதுதான் உன் இடம். புல்லைத் தின்னு, தொந்தியைக் குறை! தினமும் காலைக் காட்டு!" என்றது. கூண்டைத் தவளைகள் குளத்துக்குள் உருட்டிவிட்டன.

புண் மெல்ல மெல்ல ஆறியது. ஆனால் பொன்னாயிக்குத்தான் நிம்மதி போயிற்று. "பொன்னாயி, மூக்குல எறும்பு! பொன்னாயி, காதுல அரிப்பு!" என்று கொழுக்கட்டை இப்போதெல்லாம் ஒன்றையும் மறைப்பதில்லை!

வலியை வேடம் போட்டு மறைப்பவருக்குக் கைதட்டல் கிடைக்கும். வாய்விட்டுச் சொல்பவருக்கே உதவி கிடைக்கும்.