நானே படித்துப் பார்த்த இணைப்பு

ஒரு புதிர் சொல்கிறேன், கேளுங்கள். விடை என்னிடம் இருக்கிறது, ஆனால் கடைசியில்தான் தருவேன். நடுவில் யாரும் 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டக் கூடாது. கொட்டினால் எழுந்து போய்விடுவேன்.

திண்டுக்கல்லில் அருளப்பன் என்றொருவர். அவருடைய மகளுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் இன்சுலின் ஊசி போட்டால் பிள்ளை துள்ளி விளையாடும், நிறுத்தினால் பிழைக்காது. தாம் பட்டு அறிந்ததையெல்லாம் எழுதி, இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்களுக்காக ஓர் இணையதளம் நடத்தினார். நல்ல காரியம்தான், இல்லையென்று யார் சொன்னது?

தளம் நடத்துகிறவர்களுக்குள் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. என் தளத்தில் நீ ஒரு விருந்தினர் கட்டுரை எழுது, அதன் கீழே உன் தளத்துக்கு ஓர் இணைப்பு தருகிறேன். உன் தளத்தில் எனக்கும் ஒன்று கொடு. மொய் வைப்பது மாதிரிதான். இதைக் கேட்டு வரும் மின்னஞ்சல்களில் ஒரு தந்திரம் இருக்கும். "ஐயா, உங்கள் பக்கத்தில் ஒரு இணைப்பு சரியில்லை" என்று அக்கறையாகத் தொடங்கி, "அதை எடுத்துவிட்டு என்னுடையதைப் போடுங்கள்" என்று முடியும். பெரும்பாலும் பழைய இணைப்பு நன்றாகவே இருக்கும். இந்தப் பொய்யை ஆரம்பத்தில் ஊரெல்லாம் அனுப்பி இடம் பிடித்தவர்தான் அருளப்பன். அதனால் அப்படித் தொடங்குகிற கடிதம் தமக்கு வந்தால் திறக்கவே மாட்டார், அழித்துவிடுவார்.

ஈரோட்டில் கோகிலவாணி என்றொரு பெண், இதே பிள்ளைகளுக்காகச் சமையல் தளம் வைத்திருந்தாள். கட்டுரை கொடுத்தாள், இருவரும் இணைப்பு மாற்றிக்கொண்டார்கள். அருளப்பன் அவளுடைய தளத்தை ஒரு வரி விடாமல் படித்த பிறகே இணைப்பைப் போட்டார். பக்கத்தின் அடியில் இப்படியும் எழுதினார்: "இங்குள்ள இணைப்புகள் எல்லாம் நானே படித்துப் பார்த்தவை."

பிறகு கோகிலவாணிக்கு அலுத்துப்போயிற்று, தளத்தை விற்றுவிட்டாள். வாங்குகிறவன் யாரென்று விசாரிக்கவில்லை, அருளப்பனிடம் சொல்லவும் இல்லை. வாங்கியவன் சமையலையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டு, "ஊசியை நிறுத்துங்கள், எங்கள் கஷாயம் போதும்" என்று கடை விரித்தான். இணைப்புகள் இரண்டு பக்கமும் அப்படியே இருந்தன. கஷாயத்துக்குக் கூட்டம் அலைமோதியது, அதில் கொஞ்சம் அருளப்பன் தளத்துக்கும் வந்தது.

எந்தத் தளத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று தினமும் காலையில் பார்ப்பது அவர் வழக்கம். கோகிலவாணியின் தளத்துக்கு நேரே எண்ணிக்கை எகிறியிருந்தது. "பரவாயில்லையே, இந்தப் பொண்ணு நல்லா நடத்துது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு காபியை ரசித்துக் குடித்தார்.

திருச்செங்கோட்டில் சின்னராசு, வளர்மதி என்ற தம்பதியின் மகள் மிதுனாவுக்கும் அதே நோய். ஊசியைக் கண்டாலே ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வாள். சின்னராசுதான் காலைப் பிடித்து வெளியே இழுப்பான், இழுத்துவிட்டு அவனும் அழுவான். அருளப்பனின் எழுத்தை நம்பிப் பிள்ளை வளர்க்கிறவன் அவன். ஒருநாள் அங்கிருந்த இணைப்பைத் தொட்டுக் கஷாயக்காரனிடம் போய்ச் சேர்ந்தான்.

"ஊசிய நிறுத்தச் சொல்லுதுங்களே, இது நெசமாங்க?" என்றாள் வளர்மதி.

"அருளப்பன் சாரே படிச்சுப் பாத்துத்தான் போட்டிருக்காரு. அவரு புள்ளைக்கும் இதே நோவுதான். சந்தேகம்னா அவரையே கேளு. பதில் வர்ற வரைக்கும் ஊசி போடுவோம்."

வளர்மதி எழுதினாள்: "ஐயா, உங்கள் பக்கத்தில் ஒரு இணைப்பு சரியில்லை என்று நினைக்கிறேன்." மகளைப் பற்றி அதற்குக் கீழேதான் எழுதியிருந்தாள். அருளப்பன் அஞ்சல் பட்டியலில் தெரிந்த முதல் வரியோடு சரி. அழித்தார்.

காத்துக் காத்துப் பார்த்த சின்னராசு சொன்னான்: "தப்புன்னா இந்நேரம் எடுத்திருப்பாருல்ல? இன்னும் அங்கயேதான இருக்குது."

ஊசி நின்றது. மிதுனா கட்டிலுக்கு அடியிலிருந்து தானாகவே வெளியே வந்து அப்பன் மடியில் உட்கார்ந்துகொண்டாள். அன்று அந்த வீட்டில் மூன்று பேரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அவள் உயிரோடு திரும்பவில்லை.

இப்போது சொல்லுங்கள். கஷாயக்காரனை விடுங்கள், அவன் கொலைகாரன், அதில் புதிர் ஒன்றுமில்லை. யாருக்கு விற்கிறோம் என்று பாராமல் விற்ற கோகிலவாணியா, கடிதத்தைத் திறக்காமல் அழித்த அருளப்பனா, கேட்டுவிட்டுக் காத்திருந்து கடைசியில் ஊசியை நிறுத்திய சின்னராசுவா? மூவரில் அந்தப் பிள்ளையின் சாவு யார் தலையில் விழும், எதற்காக?

விடை: அருளப்பன் தலையில். கடிதத்தை அழித்ததற்காக என்று சொன்னீர்களானால் பாதிதான் கண்டுபிடித்தீர்கள். அந்தக் குப்பைக்குள் ஒரு தாயின் கடிதம் கிடக்கும் என்று யார் கண்டது? சின்னராசு நம்பக் கூடாதவரை நம்பினான். கோகிலவாணி அலட்சியக்காரி, ஆனால் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. 'நானே படித்துப் பார்த்தவை' என்று வாக்குக் கொடுத்தவர் அருளப்பன். எத்தனை பேர் வருகிறார்கள் என்று தினமும் பார்த்தவர், ஏன் வருகிறார்கள் என்று ஒரே ஒரு தடவை அந்த இணைப்பைத் தொட்டுப் பார்த்திருந்தால் பிள்ளை இருந்திருக்கும். செய்தி தெரிந்ததும் இணைப்பை எடுத்தார். கஷாயக்காரனும் பதிலுக்கு எடுத்தான். மறுநாள் காலை எண்ணிக்கை சரிந்து கிடந்தது, அதைப் பார்த்து அவர் முகம் தொங்கிப்போயிற்று. காபி கொண்டுவந்த மனைவி, "அந்தப் புள்ளைய நினைச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். "ஆமா" என்றார்.