பதினோரு படி இறங்கிய தமிழ்

வேப்பங்காட்டூர் செந்தமிழ்க் காவல் மன்றத்தில் மொத்தம் மூன்று பேர். தலைவர் மாவளவன், செயலாளர் பொழிலன், பொருளாளர் கணியன். மூளையும் மூன்றா என்று கேட்காதீர்கள். அந்தச் சோதனையை யாரும் செய்து பார்த்ததில்லை.

மலேசியாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் சிங்காரவேலர் மன்றத்துக்கு ஒரு கணினி வாங்கிக் கொடுத்திருந்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். "நாலு மணிக்கு வருவேன். திரையிலே தமிழ் தெரியணும். இல்லேன்னா பெட்டியைத் தூக்கி மேலப்பட்டி மன்றத்துக்குக் கொடுத்துடுவேன்."

மேலப்பட்டிக்காரர்கள் போன வருஷம் பட்டிமன்றத்தில் இவர்களை மண்ணைக் கவ்வ வைத்தவர்கள். கணினி அவர்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்று பொழிலன் இரண்டு மணிக்கே கணினிக் கடை ரபீக்குக்குப் போன் போட்டுவிட்டார்.

"ரொம்ப ஈசி சார். முதல்ல செட்டிங்ஸ் விண்டோவைத் திறங்க" என்றார் ரபீக்.

பொழிலன் போனைப் பொத்திக்கொண்டு, "சாளரத்தைத் திறக்கணுமாம்" என்றார்.

"எந்தச் சாளரம்? தெற்கா, கிழக்கா?" என்றார் தலைவர்.

"தென்றல் தெற்கேயிருந்துதானே வரும்? தமிழும் அந்த வழியாத்தான் வரும்" என்றார் கணியன்.

தெற்கு ஜன்னலைத் திறந்தார்கள். தென்றல் வந்தது. மேசைமேல் அடுக்கியிருந்த வரவேற்பு மடல் நூறும் பறந்து சாக்கடைக்குப் போனது.

"திறந்தாச்சு" என்றார் பொழிலன், பெருமையாக.

"சரி, லாங்குவேஜ் வரும் பாருங்க. அதுல தமிழ் மேலே இருக்கணும், இங்கிலீஷ் கீழே இருக்கணும்."

கணியன் தமிழ் அகராதியை எடுத்துத் திரையின் தலையில் வைத்தார். ஆங்கில அகராதியை அடியில் செருகினார். திரை கோணிக்கொண்டு நின்றது. தலைவர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இப்பவே முகத்துல ஒரு தமிழ்க் களை வந்துடுச்சு" என்றார்.

அடுத்து ரபீக் தமிழை டவுன்லோட் பண்ணச் சொன்னார். கீழே இறக்க வேண்டும் என்று பொழிலன் மொழிபெயர்த்தார். மன்றமோ டீக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது.

"தமிழை மட்டும் எப்படித் தனியா இறக்குறது?" என்று தலைவர் கவலைப்பட்டார்.

"பெட்டியோட இறக்கினா அதுவும் கூடவே இறங்கிடாதா?" என்றார் கணியன்.

அறிவுக் கொழுந்துகள்! வயரைப் பிடுங்கினார்கள். திரை இருண்டது. "ஆங்கிலம் ஒழிந்தது!" என்று தலைவர் துள்ளினார்.

மொத்தம் இருபத்திரண்டு படி. பாதியில் கணியனுக்கு மூச்சு வாங்கியது.

"எவ்வளவு சார் இறங்கியிருக்கு?" என்று போனில் கேட்டார் ரபீக்.

"பதினொண்ணு."

"இவ்வளவு நேரத்துக்குப் பதினொண்ணுதானா? உங்க லைன் ரொம்ப ஸ்லோவா இருக்கு சார்."

"வரிசை மெதுவா இருக்காம்" என்றார் பொழிலன்.

"கணியனை முன்னாலே விட்டா அப்படித்தான்" என்று தலைவர் வரிசையை மாற்றினார். மாற்றும்போது விசைப்பலகை நழுவி உருண்டது. ஆறேழு எழுத்துகள் தெறித்துப் போயின. எல்லாம் ஆங்கில எழுத்துதானே என்று ஒருவரும் குனிந்து பொறுக்கவில்லை.

கணினியைத் தெருவில் வைத்தபோது மணி நாலு.

"முழுசா இறங்கிடுச்சு தம்பி!" என்றார் பொழிலன் போனில்.

"சூப்பர் சார். இனிமே நீங்க எதையும் தொடாதீங்க. அதுவா போய் உக்காந்துக்கும். ஒரு தடவை ஆஃப் ஆகி மறுபடி ஸ்டார்ட் ஆகும். வரும்போது முழுத் தமிழ்ல வரும்." பொழிலன் அதை அப்படியே மற்ற இருவருக்கும் ஒப்பித்தார்.

சிங்காரவேலரின் கார் வந்து நின்றது. இருண்ட திரையையும் அதன் தலையில் இருந்த அகராதியையும் பல்போன விசைப்பலகையையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

"தமிழ் எங்கேய்யா?"

"இப்பத்தாங்க ஐயா இறங்குச்சு" என்றார் பொழிலன், பணிவாக.

சிங்காரவேலர் தலையில் அடித்துக்கொண்டார். "இது மேலப்பட்டிக்கே போகட்டும்!" என்று கத்திவிட்டு, பெட்டியைக் காரில் ஏற்றும்படி டிரைவருக்குக் கை காட்டினார். பொழிலன் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தார். தலைவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தொடாதீங்க! அதுவா போய் உக்காந்துக்கும்னாரில்ல?"

கணினி பின்சீட்டில் போய் உட்கார்ந்தது. கார் ஒருமுறை உறுமி அணைந்து, மறுபடி கிளம்பியது.

"தம்பி, நீங்க சொன்ன மாதிரியே ஆஃப் ஆகி ஸ்டார்ட் ஆயிடுச்சு!" என்று போனில் ஆனந்தமாகக் கூவினார் பொழிலன்.

கார் மேலப்பட்டி ரோட்டில் திரும்பி மறையும்வரை மூவரும் கை தட்டினார்கள். பிறகு, அது முழுத் தமிழோடு திரும்பி வருவதை வரவேற்க மாலை வாங்கக் கணியன் கிளம்பினார்.

"ரெண்டா வாங்குங்க" என்றார் தலைவர். "தமிழும் கணினியும் தனித்தனியா வந்தா என்ன பண்றது?"