கீழ்த்தொட்டி

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி கிடையாது. காவியும் கிடையாது. புடவைக்கு மேல் ஒரு பழைய ஆண்பிள்ளைச் சட்டையும், விரலெல்லாம் பி.வி.சி. பசையும் உண்டு. பெயர் நசீமா. கொளத்தூரில் மீன் தொட்டி செய்து, கேட்ட இடத்துக்குப் போய்ப் பொருத்திக் கொடுப்பவர்.

சீடர் அவரைவிட மூத்தவர். தெய்வசிகாமணி என்று பெயர். ஆயுசில் பாதியை வீட்டுக் குழாய் வேலையில் கழித்தவர். முட்டி தேய்ந்து மொட்டைமாடி ஏணி ஏற முடியாமல் போனபின், தரையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று நம்பி நசீமாவிடம் வந்து சேர்ந்தார். உட்கார்ந்தால் எழுந்திருக்கவும் வேண்டும் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்குப் பெரம்பூரில் ஒரு பல் டாக்டர் வீட்டுக் கூடத்தில் வேலை. மேலே பெரிய கண்ணாடித் தொட்டி. அடியில், அலமாரிக்குள் சின்னத் தொட்டி. மேலே நிரம்பி வழிகிற தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்க வேண்டும். கீழ்த்தொட்டியில் அழுக்கு தங்கியதும், மோட்டார் தண்ணீரை மறுபடி மேலே ஏற்ற வேண்டும். கேட்பதற்கு இவ்வளவுதான்.

காலையில் தெய்வசிகாமணிக்கு ஒரு போன் வந்திருந்தது. திருத்தணியில் கட்டிக்கொடுத்த மகள் அமுதவல்லி.

"அப்பா, நான் அங்கயே வந்துடட்டா?"

"வேலையில இருக்கேன்மா. அப்பறமா பேசறேன்."

அப்போது அவர் வேலையில் இல்லை. தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

மேல் தொட்டிக் கண்ணாடியில் போட்டிருந்த ஓட்டையில், குழாயை இணைக்கிற டேங்க் கனெக்டரைச் செருகி, ரப்பர் வாஷர் வைத்து, நட்டை முடுக்கினார். தண்ணீர் விட்டுப் பார்த்தால் கசிந்தது. ரெஞ்சு போட்டு இறுக்கினார். கசிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் இறுக்கினார். இப்போது முன்னைவிட நன்றாகவே கசிந்தது.

"நிறுத்துங்கண்ணே" என்றார் நசீமா.

"இன்னும் ஒரு சுத்து போட்டா நின்னுடும்மா."

"தண்ணி நிக்காது. கண்ணாடி விரிசல் விட்டுடும்."

ரெஞ்சை அவர் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் போட்டார் நசீமா. தண்ணீரை வடித்து, நட்டைக் கழற்றினார். வாஷர் ஒரு பக்கமாகப் பிதுங்கி, உருக்குலைந்து கிடந்தது.

தெய்வசிகாமணிக்கு அலுத்துவிட்டது. வாளி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"கசிஞ்சா இறுக்கணும். எனக்குத் தெரிஞ்ச வேலை அதாம்மா. கசியாம சேக்கறதுக்கு வேற என்னதான் வழி?"

நசீமா துணியால் கண்ணாடியைத் துடைத்தார். ஓட்டையைச் சுற்றி விரலால் தடவி, மணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். புது வாஷரைத் தொட்டிக்கு உள்பக்கம் வைத்து, நட்டைக் கையாலேயே திருகினார். அது தானாக நின்ற இடத்தில், இன்னும் கொஞ்சம் திருகிவிட்டுக் கையை எடுத்தார்.

"போதுமா?"

"போதும்."

தண்ணீர் விட்டார்கள். ஒரு சொட்டு இல்லை.

தெய்வசிகாமணி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். ஆனால் யாரோ அவரைத் திட்டியது போல் இருந்தது.

மிச்ச வேலையை அவரே செய்தார். குழாயை நேராக அறுத்து, பிசிறைத் தேய்த்து, பசை தடவி, ஒவ்வொரு இணைப்பையும் அது பிடிக்கும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பொறுமை தன்னிடம் இருந்ததே அவருக்குப் புதிது. முடிந்ததும் குழாய்களுக்கு அடியில் நியூஸ்பேப்பர் விரித்தார். தொட்டிகளை நிரப்பி மோட்டாரைப் போட்டார்.

தண்ணீர் மேலே ஏறியது, வழிந்தது, கீழே இறங்கியது. பேப்பர் காய்ந்தபடியே இருந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் களை வந்தது.

"பாருங்கம்மா. ஒரு ஜாயின்ட்டுலயும் ஒரு சொட்டு கிடையாது."

நசீமா குனிந்து கீழ்த்தொட்டியைப் பார்த்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதில் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. வீட்டுக் குழாய்க்காரருக்குக் காலித் தொட்டி என்றால் கெட்ட பெயர். ஜனங்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில் தெய்வசிகாமணி, குறை வைக்கக் கூடாது என்று தளும்பத் தளும்ப ரொப்பியிருந்தார்.

நசீமா சுவிட்சை அணைத்தார்.

"ஏம்மா, நல்லாத்தானே ஓடுது?"

"கரண்ட் போனா என்ன ஆவுதுன்னு பாக்கலாம்ணே."

மோட்டார் நின்றது. மேல் தொட்டியின் தண்ணீர் நிற்கவில்லை. குழாய் வாய் மட்டத்துக்கு மேலே இருந்ததெல்லாம் அமைதியாகக் கீழே இறங்கியது. கீழ்த்தொட்டி பொங்கி, அலமாரிக் கதவைத் தாண்டி, கூடத்து டைல்ஸில் பரவியது. பேப்பர் மிதந்து போய் நாற்காலிக் காலில் ஒட்டிக்கொண்டது.

தெய்வசிகாமணி தவழ்ந்து போய் ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தார்.

"எதுவும் கசியலம்மா!"

"ஆமாண்ணே. எதுவும் கசியல."

"அப்ப இந்தத் தண்ணி?"

"மேல இருந்தது கீழ வருது. வந்த இடத்துல இடமில்ல."

இரண்டு பேரும் கூடத்தைத் துடைத்துப் பிழிந்தார்கள். நசீமாவுக்கும் இடுப்பு வலி உண்டு. அவர் அதைச் சொல்கிறவர் இல்லை. பிறகு ஒரு மக்கை எடுத்து தெய்வசிகாமணி கையில் கொடுத்தார்.

"மொண்டு ஊத்துங்க. மோட்டார் ஓடறப்பப் பாதித் தொட்டிக்கு மேல இருக்கக் கூடாது."

"பாதி காலியா நிக்குமேம்மா? டாக்டர் பாத்தா, வேலை முடியலன்னு நினைப்பாரு."

"நினைக்கட்டும்."

மக்கு மக்காக மொண்டு வாளியில் ஊற்றினார். மோட்டாரைப் போட்டு மட்டம் பார்த்து, இன்னும் கொஞ்சம் மொண்டார். மறுபடி சுவிட்சை அணைத்தார்கள். தண்ணீர் இறங்கியது. கீழ்த்தொட்டி ஏறிக்கொண்டே வந்து, விளிம்புக்கு நாலு விரல் கீழே நின்றது.

இரண்டு பேரும் ஈரத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அப்போதுதான் தெய்வசிகாமணியின் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். பேசவில்லை. அடித்து ஓய்ந்தது.

"யாருண்ணே?"

"பொண்ணு." போனைப் பைக்குள் போட்டார். "அவ புருசன் கை நீட்டறாம்மா. ஒவ்வொரு தபாவும் நான்தான் போயி, அனுசரிச்சுப் போம்மான்னு சொல்லி, ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசி, சேத்து வச்சுட்டு வரேன். இப்ப வந்துடறேங்கறா."

நசீமா கையிலிருந்த ஈரத் துணியை வாளியில் பிழிந்தார்.

"ஒரு குறை வைக்காமத்தான் கட்டிக் குடுத்தேன். யார வேணா கேட்டுப் பாருங்க. கல்யாணத்துல ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லல. வூட்ல ரெண்டே ரூம்மா. ஒண்ணுல மவன், மருமவ, குழந்தை. இன்னொண்ணுல நானும் என் சம்சாரமும், மருமவ கொண்டாந்த பீரோவும். பொண்ணு கட்டில, அவ கல்யாணமாயிப் போன மறுவாரமே பழைய இரும்புக்குப் போட்டேன். இடம் அடைக்குதுன்னு. இப்ப வான்னு சொல்லி அவள எங்க படுக்க வைப்பேம்மா?"

"கொஞ்சம் முன்னாடி இந்தத் தொட்டில இடம் இருந்துச்சாண்ணே?"

"இல்ல. நான்தான் ரொப்பி வச்சேன்."

"இப்ப?"

தெய்வசிகாமணி கீழ்த்தொட்டியைப் பார்த்தார். பக்கத்தில் வாளியைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், கை ஈரமாக இருந்ததால் துடைத்தும் பிரயோசனமில்லை.

போன் மறுபடி அடித்தது.

"என் வூட்ல எத எடுத்து வெளிய ஊத்துவேன்? நீங்களே சொல்லுங்கம்மா."

"அத அப்பறம் பாத்துக்கலாம்ணே" என்றார் நசீமா. "மொதல்ல போன எடுங்க. தண்ணி இறங்க ஆரம்பிச்சாச்சு."