மேல்காற்றின் திசை

நகரத்தின்மேல் அணுகுண்டு விழுந்தால் கதிர்வீச்சுத் தூசி எந்தப் பக்கம் போகும், மக்கள் எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்று கணிப்பது பேராசிரியர் தெய்வானையின் வேலை. அவரிடம் இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். அருமைநாதனுக்கு ஐம்பது வயது. கல்லூரி வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்து ஆறு வருடம். சுபைதா வந்து இரண்டு வருடம்தான்.

வெளியேறும் வழிக்கு இருவரும் தனித்தனியாக வரைபடம் போட்டார்கள். மாவட்ட நிர்வாகத்துக்குக் கொடுக்க தெய்வானை தேர்ந்தெடுத்தது சுபைதாவின் வரைபடத்தை.

அருமைநாதன் அவளை வாழ்த்தினார். அன்று முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் யாரோடு சிரித்தாலும் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. அவளுடைய கணக்கை எடுத்து வரிவரியாகத் துருவினார். ஒரு பிழை கிடைத்தது. ஆடி மாத மேல்காற்று மேற்கிலிருந்து வருவது. சுபைதா அதை மேற்கு நோக்கிப் போவதாக எடுத்துக்கொண்டிருந்தாள். தூசி விழப்போவது கிழக்கில். அவள் வரைபடமோ மக்களைக் கிழக்கே அனுப்பியது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதிகாரிகள் கூடும் நாளில் எல்லார் முன்னாலும் எழுந்து சொல்வது என்று முடிவு செய்தார். அன்று இரவே வயிறு நிறையச் சாப்பிட்டார்.

கூட்டத்துக்கு முன்பே, சுபைதாவின் வரைபடப்படி மக்களை வெளியேற்றிப் பார்க்கும் ஒத்திகை வந்துவிட்டது. தெய்வானை இருவரையும் அழைத்துப் போனார். முந்நூறு பேர் மூட்டை முடிச்சோடு கிழக்கே நடந்தார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி எல்லாரையும் முந்திக்கொண்டு போனாள்.

அருமைநாதனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. “மேடம், இவங்க தூசிக்குள்ளதான் போறாங்க” என்று பிழையைச் சொன்னார்.

தெய்வானை ஒத்திகையை நிறுத்தச் சொன்னார். சுபைதாவைக் கூப்பிட்டு விவரம் சொன்னார். அவள் முகம் வெளுத்துவிட்டது. பிறகு அங்கேயே ஒரு மரத்தடியில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள்.

“எப்போ கண்டுபிடிச்சீங்க?” என்று அருமைநாதனைக் கேட்டார் தெய்வானை.

“ஒன்பது நாளாச்சு.”

தெய்வானை கோபப்படவில்லை. அது அருமைநாதனுக்குத் துணிச்சல் தந்தது.

“என் கணக்குல இந்தப் பிழை இல்லை மேடம். அப்புறம் ஏன் அவளோடதை எடுத்தீங்க?”

“தை மாசம் உங்க கணக்குல ஒரு பிழை இருந்ததே. அதைப் பார்த்தது யாரு?”

“சுபைதா.”

“பார்த்து எத்தனை நாள் கழிச்சு உங்ககிட்ட சொன்னா?”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கைகூடக் கழுவாமல் எழுந்து ஓடி வந்து சொன்னது அருமைநாதனுக்கு நினைவிருந்தது.