வரிக்கல்லும் ஓர் ஐகாரமும்

முன்னொரு காலத்தில், ஆற்றங்கரைத் தலைநகர் ஒன்றில், கண்டதற்கெல்லாம் பொருள் கேட்கும் அரசர் ஒருவர் இருந்தார். ஒருநாள் படகுக்காரி மாசாத்தி, ஆற்றில் கிடைத்த வரிக்கல் ஒன்றை அவருக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்தாள். செம்மையும் வெண்மையும் மாறிமாறி அடுக்கிய அக்கல்லின் நடுவே, வரிகள் வளைந்து ஒரு கண்ணைப் போலத் தோன்றின.

“இதன் பொருள் யாது?”

அரச ஆணைகளை எழுதும் ஓலைநாயகம் வில்லவர் முந்திக்கொண்டார். “தீய கண், அரசே. கொண்டுவந்தவளை நாடு கடத்துவதே நலம்.”

அரசவை விகடன் ஆதனுக்கு இது பொறுக்கவில்லை. அக்கரையிலிருந்து நாள்தோறும் அவனை அழைத்து வருபவளும், அவன் விகடத்துக்கு முதலில் சிரிப்பவளும் அவளே. “அரசே, கல் சொல்லாததை நாயகர் சொல்கிறார்,” என்றான்.

“எனில், மூன்று நாளில் நீ கல்லைப் படித்துச் சொல். தவறினால் அவள் போகத்தான் வேண்டும்,” என்றார் அரசர்.

வில்லவருக்குச் சுருங்க எழுதுவதில் செருக்கு மிகுதி. “ஆதனுக்கு ஆணை. மூன்று நாளில் கற்படி. இன்றேல் படகுக்காரி நாடு நீங்குக,” என்று எழுதி முத்திரையிடச் செய்தார். ஓலையை வாசித்த ஆதன் மெல்லச் சிரித்தான்.

“கல்லைப் படிக்கத் தெரியுமா தம்பி?” என்று கலங்கினாள் மாசாத்தி.

“தெரியாது அக்கா. மண்வெட்டி இருக்கிறதா?”

“நான் ஊரை விட்டுப் போகப்போறேன். நீ தோட்டம் போடப் போறியா?”

மூன்றாம் நாள் அரசர் படகுத்துறைக்கு வந்தார். செங்குத்தான கரையை வெட்டி, அகன்ற கல்லொன்றைப் பதித்திருந்தான் ஆதன்.

“ஆணையிட்டவாறே கற்படி, அரசே.”

“கல்லைப் படிக்கச் சொன்னால் படி கட்டுவாயா?” என்று சீறினார் வில்லவர்.

“‘ஐ’ மறைந்தால் கல்லைப் படி, ‘ஆல்’ மறைந்தால் கல்லால் ஆன படி. தாங்கள் விழுங்கிய உருபு எதுவென்று எனக்கு எப்படித் தெரியும், நாயகரே?”

“ஓலை நிறைவேறியது. என் கேள்வி?” என்றார் அரசர்.

ஆதன் வெட்டிய கரையைக் காட்டினான். அங்கும் அதே வரிகள். “வெள்ளத்தில் செம்மண் படிகிறது, தணிந்தபின் வெண்மணல் படிகிறது. இடையில் கூழாங்கல் சிக்கினால், அதைச் சுற்றி வளைந்து படிகிறது, அதுவே கண். நெடுங்காலம் இறுகினால் கல். தீய கண் என்றால், முதலில் ஆற்றை நாடு கடத்துங்கள்.”

“பொருள்?”

“பொறுமை, அரசே. ஆறு எந்த வரியையும் சுருக்கி எழுதவில்லை.”

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். தம் முத்துமாலையை ஆதன் கழுத்தில் இட்டார். துறையை ஆயுள் முழுதும் மாசாத்திக்கே உரிமையாக்கி, அவ்வாணையை உருபு ஒன்றும் விடாமல் அங்கேயே எழுதுமாறு வில்லவரைப் பணித்தார். அவர் எழுதி முடிப்பதற்குள், புதிய படியில் முதல் ஆளாகக் கால் வைத்து, மாசாத்தியின் படகில் ஏறி அமர்ந்துவிட்டார் அரசர்.