இறக்கத்தில் நிறுத்தச் சொன்னவன்

வேன் முதலாளி தங்கப்பழம் தன் வேனில் மாட்ட அலமாரி உசரத்துக்கு ஊஃபர் ஸ்பீக்கரும் அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயரும் வாங்கிவந்து எலக்ட்ரீஷியன் சவரிமுத்துவின் பட்டறையில் இறக்கினார்.

"கல்யாண வீட்டு வாசல்ல இன்ஜினை அணைச்சிட்டுப் பாட்டுப் போடணும். ஊரே அதிரணும். பேட்டரி, டைனமோ எதையும் மாத்தக்கூடாது. முடியாதுன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்."

அந்த ஆம்ப்ளிஃபயர் கேட்கிற கரண்டைப் பழைய பேட்டரி நாலு பாட்டுக்குக்கூடத் தராது. அதைச் சொன்னால் முதலாளி எகிறுவார்.

"ஜமாய்ச்சிரலாம் முதலாளி. வண்டியை மட்டும் இறக்கமாப் பாத்து நிறுத்துங்க."

"சரி, சரி" என்றவர் ஏனென்று கேட்கவில்லை.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு வாசலில், சமதரையில் நின்றது வேன். பாட்டு அதிர்ந்தது, இழுத்தது, அடங்கிப்போனது. பெண்ணை அழைத்துவரக் கிளம்பும் நேரத்தில் வண்டி கிளம்பவில்லை. பந்திக்கு வந்திருந்த சவரிமுத்துவைப் பிடித்துக்கொண்டார் தங்கப்பழம்.

"என்னல வேலை பாத்திருக்க?"

"இறக்கத்துல நின்னிருந்தா உருட்டிவிட்டே ஸ்டார்ட் பண்ணியிருக்கலாம் முதலாளி. இப்ப நீங்கதான் தள்ளணும்."

பந்தலே சிரித்தது. முகம் கறுத்த முதலாளி ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு, வயசான டிரைவர் சுடலையாண்டியைத் தள்ளச் சொன்னார்.

வெயிலில் மூச்சிரைக்கத் தள்ளினார் அவர். சவரிமுத்துவுக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஓடிப்போய்ப் பக்கத்தில் தோள் கொடுத்தான்.

"வண்டியை நிறுத்துறது நான்தானே தம்பி?" என்றார் சுடலையாண்டி. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."